ரெண்டு மழை பெய்யும் ஊரில் ஸ்போர்ட்ஸ் டயர் தேர்ந்தெடுப்பது

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் வீல் அலைன்மென்ட் கடை வைத்திருக்கிறேன். கல்லூரிப் பையன்களிலிருந்து கல்ஃபில் இருந்து லீவுக்கு வந்த அண்ணன்மார் வரை எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "நல்ல கிரிப் உள்ள டயர் எது?" நான் திருப்பிக் கேட்பது, "தினமும் எந்த ரோட்டுல ஓட்டுறீங்க?" பல பேருக்கு இந்தக் கேள்வி பிடிப்பதில்லை. ஆனால் குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை பக்கம் போகிறவருக்கும், நாகர்கோவிலிலிருந்து ஆரல்வாய்மொழி வழியாக நான்குவழிச் சாலை ஏறுகிறவருக்கும் ஒரே டயர் சரிவராது.

ஒப்பிடத் தொடங்கும் முன் ஒன்றை மனசில் வையுங்கள். பட்டன் (ரோட்டைத் தொடும் வெட்டுப் பகுதி) தேய்ந்து, ரப்பரும் இறுகிப்போன மொட்டை டயரைக் கழற்றிவிட்டுப் புதுசு போட்டால், எந்தக் கம்பெனியாக இருந்தாலும் கார் ரோட்டில் ஒட்டிக்கொண்டுதான் போகும். "போட்ட உடனே வித்தியாசம் தெரிஞ்சுது" என்று நண்பர் சொன்னால், முன்னால் இருந்த டயர் எந்த நிலையில் இருந்தது என்று கேளுங்கள். புதுசைப் புதுசோடுதான் ஒப்பிட வேண்டும். அதுவும் ஒரே அளவில்.

அளவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பழைய ஃபோக்ஸ்வாகன் போலோ காரில் வந்த 185/60 R15 டயரில் 185 என்பது மில்லிமீட்டரில் அகலம், 60 என்பது அந்த அகலத்தில் பக்கவாட்டு உயரம் எத்தனை சதவீதம் என்பது, 15 என்பது அங்குலத்தில் ரிம். மொத்த விட்டம் 603 மில்லிமீட்டர். அதற்குப் பதில் 195/60 R15 போட்டால் 615, அதாவது 2 சதவீதம் கூடும். ஸ்பீடாமீட்டர் அந்த அளவு குறைத்துக் காட்டும். 205/55 R15 என்றால் 606தான், விட்டத்தில் பிரச்சினை இல்லை. ஆனால் அகலம் கூடிய டயர் தேங்கிய தண்ணீரில் சீக்கிரமே மிதக்கத் தொடங்கும், லாரி தடம் பதிந்த ரோட்டில் ஸ்டியரிங்கை இழுக்கவும் செய்யும். பார்க்க அழகாக இருக்கும் என்பது தவிர, தினசரி ஓட்டத்தில் பத்து மில்லிமீட்டருக்கு மேல் அகலம் கூட்டுவதில் பெரிய லாபத்தை நான் பார்த்ததில்லை. அளவுக்குப் பின்னால் வரும் எண்ணையும் பாருங்கள். 82 என்றால் ஒரு டயர் 475 கிலோ தாங்கும், 87 என்றால் 545. ஐந்து பேரும் ஏறி, டிக்கியில் ரெண்டு ஏத்தன் வாழைக்குலையும் வைத்துக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போகிற ஊர் நம்முடையது. கார் கம்பெனி கொடுத்த எண்ணுக்குக் கீழே இறங்காதீர்கள். பக்கத்தில் இருக்கும் எழுத்து வேக அளவு: H என்றால் 210, V என்றால் 240 கிலோமீட்டர். நம்ம ரோட்டில் அந்த வேகம் யாருக்கும் வேண்டாம்.

சரி, கிரிப்புக்கு வருவோம். நம்ம மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஜூனில் தொடங்கினால் டிசம்பர் வரை எப்போது வேண்டுமானாலும் ரோடு நனையலாம். அதனால் காய்ந்த ரோட்டில் ஒரு டயர் எத்தனை வேகத்தில் வளைவு எடுக்கிறது என்பதைக் கடைசியில் பாருங்கள். ஈர ரோட்டில் எங்கே நிற்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

இதற்கு டயரின் பக்கவாட்டிலேயே ஒரு தடயம் இருக்கும். டிராக்ஷன் என்று போட்டு AA, A, B, C என்று ஒரு எழுத்து. நனைந்த தார் ரோட்டிலும் கான்கிரீட்டிலும் நேராகப் பிரேக் பிடித்து எடுத்த அளவு அது. ஸ்போர்ட்ஸ் டயர் என்று விற்கிறவர் A மட்டும் போட்ட டயரைக் காட்டினால், அதே விலையில் AA கிடைக்கிறதா என்று கேளுங்கள். ஆனால் அந்த எழுத்து வளைவைப் பற்றியோ தேங்கிய தண்ணீரைப் பற்றியோ ஒன்றும் சொல்லாது. ஐரோப்பாவிலும் விற்கிற மாடல் என்றால் அங்கே ஒட்டும் லேபிளில் ஈரப் பிடிப்புக்கு A முதல் E வரை ஒரு தரம் உண்டு, சத்தம் டெசிபலில் இருக்கும். இணையத்தில் தேடினால் கிடைக்கும். மாடல் பெயரோடு அளவும் அதேதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே மாடலில் அளவு மாறினால் தரமும் மாறும்.

டயர் எவ்வளவு உழைக்கும் என்று பக்கவாட்டில் போட்டிருக்கும் டிரெட்வேர் எண்ணைப் பலரும் தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். 100 என்பது சோதனைக்கான அடிப்படை டயர். 300 என்றால் அதைவிட மூன்று மடங்கு உழைக்கும் என்று கம்பெனியே சோதித்துப் போட்டுக்கொள்கிற எண். ஒரே கம்பெனியின் ரெண்டு மாடலை ஒப்பிட இது உதவும். இந்தக் கம்பெனியின் 340ஐ அந்தக் கம்பெனியின் 400ஓடு ஒப்பிடுவது வீண் வேலை. 200, அதற்கும் கீழே என்று வந்தால் அது ரேஸ் டிராக்குக்குச் செய்தது. அந்த ரப்பர் சூடேறினால்தான் பிடிக்கும். மார்த்தாண்டம் நெரிசலில் ஊர்ந்து போகிற காரில் அது எப்போது சூடேறுவது? மழையிலும் அதன் பட்டன் ஆழம் போதாது.

"நம்ம குலசேகரத்து ரப்பர்தானே இதுல இருக்கு?" என்று கேட்பவர்களும் உண்டு. மரத்திலிருந்து வரும் இயற்கை ரப்பர் டயர் தொழிலில் பெரும்பாலும் லாரி டயருக்கும், கார் டயரின் பக்கவாட்டுக்கும் உடம்புக்கும்தான் போகிறது. ரோட்டைத் தொடும் மேல்பகுதியில் செயற்கை ரப்பர்தான் அதிகம். கார்பன் கருப்போடு சிலிகாவும் கலப்பார்கள். ஈரத்தில் பிடிப்பு கூடி, உருளும் தடை குறைவதற்குக் காரணம் அந்தச் சிலிகா.

கம்பெனிகளைப் பார்த்தால், ஒரே வீட்டிலேயே ரெண்டு பிள்ளைகள் இருக்கும். மிஷலினில் பைலட் ஸ்போர்ட் ஒரு பக்கம், பிரைமசி மறுபக்கம். கான்டினென்டலில் மேக்ஸ்கான்டாக்ட் எம்சி6, அல்ட்ராகான்டாக்ட் யுசி6. முதலில் சொன்னவை ஸ்டியரிங் சொன்ன உடனே திரும்பும். அடுத்தவை சத்தம் குறைவு, குழியில் மெத்தென்று இறங்கும். 2016இல் வந்த பைலட் ஸ்போர்ட் 4 நல்ல டயர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த வரிசையில் பெரும்பாலான அளவுகள் பெரிய ரிம்முக்குத்தான். அதற்காக 15 அங்குல ரிம்மைக் கழற்றி 17 போட்டு, பக்கவாட்டு உயரத்தைக் குறைத்துக்கொண்டு, டிப்பர் லாரிகள் தோண்டிய களியக்காவிளை ரோட்டில் ஓட்டினால் என்ன ஆகும் என்று என் கடையில் ஓரமாக அடுக்கியிருக்கும் வயிறு வீங்கிய டயர்களைப் பார்த்தால் தெரியும். பக்கவாட்டில் புடைப்பு வந்தால் உள்ளே நூல் அறுந்துவிட்டது என்று அர்த்தம். பஞ்சர் போல ஒட்ட முடியாது, தூக்கித்தான் போட வேண்டும்.

என் கணக்கில், மார்த்தாண்டம், களியக்காவிளை என மேற்குப் பக்கம் தினமும் ஓடுகிறவர்களுக்கு யுசி6, பிரைமசி வகை போதும். எம்சி6 போன்றது ஆரல்வாய்மொழி தாண்டி காவல்கிணறு பக்கம் அடிக்கடி போகிறவர்களுக்கு. அங்கே ஆடிக்காற்று முப்பந்தல் கணவாயில் குறுக்கே அடிக்கும்போது பக்கவாட்டு இறுகிய டயர் காரை நேராக வைக்கும். சத்தத்தை மட்டும் அங்கே போய் ஒப்பிடாதீர்கள், காற்றின் இரைச்சலில் எதுவும் கேட்காது. அதற்கு மார்த்தாண்டம் மேம்பாலம் நல்ல இடம்: கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒரே வேகத்தில் போனால் இணைப்புகளில் வரும் தட்டல் டயருக்கு டயர் மாறுவது தெளிவாகக் கேட்கும்.

நண்பனின் காரை ஓட்டி ஒப்பிடுவதென்றால் முதலில் காற்று. ரெண்டு காரிலும் காலையில், ஓட்டும் முன், கார் கம்பெனி சொன்ன அழுத்தம் இருக்கிறதா என்று பாருங்கள். ஓடிச் சூடானதும் மூன்று நான்கு பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) ஏறிவிடும், அப்போது அளந்தால் தப்பு. காற்று எவ்வளவு முக்கியம் என்பதற்கு நாசாக்காரர்கள் விமான டயரை வைத்துச் செய்த ஒரு கணக்கு உண்டு. பி.எஸ்.ஐ.யின் வர்க்கமூலத்தை 16.7ஆல் பெருக்கினால், தண்ணீரில் மிதக்கத் தொடங்கும் வேகம் கிலோமீட்டரில் வரும். 33 பி.எஸ்.ஐ. என்றால் ஏறத்தாழ 96. 25க்கு இறங்கினால் 83. நல்ல பட்டன் உள்ள டயர் இதைவிடத் தாங்கும், ஆனால் காற்று குறையக் குறைய மிதக்கும் வேகமும் குறையும் என்பது மாறாது. விலை கூடிய டயர் போட்டுவிட்டு மாதக்கணக்கில் காற்று பார்க்காதவரைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

புது டயரின் மேல் வழுவழுப்பு இருக்கும், முதல் சில நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டிய பிறகுதான் எதையும் முடிவு செய்யுங்கள். மழை தொடங்கிய முதல் சில நிமிடங்களில் தூசியும் எண்ணெயும் கலந்து ரோடு சோப்பு போட்டது போல இருக்கும்; ரப்பர் மரம் இலை உதிர்க்கும் ஜனவரி, பிப்ரவரியில் பனி நனைத்த இலை மேலும் அப்படித்தான். அந்த நேரத்தில் எந்த டயரையும் சோதிக்க வேண்டாம்.

விலையை இப்படிப் பாருங்கள். சட்டப்படி 1.6 மி.மீ. வரை ஓட்டலாம், ஆனால் நம்ம மழைக்கு 3 மி.மீ.யோடு நிறுத்துவது நல்லது. 8 மி.மீ. பட்டனோடு வரும் டயரில் உங்களுக்குக் கிடைப்பது 5, 7 மி.மீ.யோடு வருவதில் 4தான். டயர் விலையை அதால் வகுத்தால் எது உண்மையில் மலிவு என்பது ஓரளவு தெரியும்.

வாங்கும்போது DOT என்ற எழுத்துக்குப் பின்னால் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 3224 என்றால் 2024ஆம் ஆண்டின் 32ஆவது வாரம். நம்ம பக்கம் ஸ்போர்ட்ஸ் அளவுகள் மெதுவாகத்தான் விற்கும், பழைய சரக்கு தலையில் கட்டப்படலாம். ரெண்டு டயர் மட்டும் மாற்றினால் புதுசைப் பின்னால் போடச் சொல்லுங்கள். முன் சக்கரம் இழுக்கும் கார் என்று எல்லாரும் முன்னால்தான் கேட்பார்கள். மழையில் பின்பக்கம் வழுக்கினால் சாதாரண ஓட்டுநரால் பிடிக்க முடியாது. பக்கவாட்டில் அம்புக்குறி போட்ட டயர் ஒரு திசையில் மட்டுமே சுழல வேண்டியது என்பதால் இடம் வலம் மாற்ற முடியாது, ஸ்டெப்னியும் ஒரு பக்கத்துக்குத்தான் பொருந்தும்; அதனால் நான் அம்புக்குறி இல்லாமல், வெளிப்பக்கம் எது என்று காட்ட OUTSIDE என்று எழுதிய வகையைத்தான் சிபாரிசு செய்வேன். மாட்டிய கையோடு அலைன்மென்ட், பேலன்சிங். அலாய் வீல் என்றால் நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை இன்னொரு தடவை டைட் பார்க்க வாருங்கள், அதற்குக் காசு வாங்குவதில்லை.