வேற்றுக் கோள்களில் நீர்: செய்தியைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சூரியக் குடும்பத்தில் வேறெங்கோ நீர் இருப்பதாகச் செய்தி வந்தால், அது எந்த நிலையில் உள்ள நீர் என்று முதலில் கேட்க வேண்டும். அதைக் கேட்காமல் கடந்துவிடுவதே மிகப் பரவலான தவறு. 2009-இல், சந்திரயான்-1 விண்கலத்தில் இருந்த நாசாவின் கருவி நிலவில் நீரின் தடயத்தைக் கண்டதாக அறிவிக்கப்பட்டது. அக்கருவி பதிவு செய்தது, நிலவின் தரையில் பட்டுத் திரும்பிய சூரிய ஒளியில் ஏறத்தாழ 3 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் தென்பட்ட ஒரு குறைவை மட்டுமே. மண்துகள்களில் ஒட்டியிருக்கும் ஹைட்ராக்சிலையோ (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த அணு இணை) நீர் மூலக்கூறுகளையோ அது காட்டுமே தவிர, கையில் அள்ளக்கூடிய ஈரத்தைக் காட்டாது. புதன் கோளின் வெயிலே படாத துருவப் பள்ளங்களிலும் பனிக்கட்டி இருக்கிறது. அதற்காக அங்கே உயிரைத் தேடி யாரும் கிளம்பவில்லை.

செவ்வாயைப் பொறுத்தவரை இன்னும் கூடுதலான கவனம் தேவை. பூமியில் கடல் மட்டத்தில் 1013 மில்லிபாராக உள்ள காற்றழுத்தம் அங்கே சராசரியாக 6 மில்லிபார்தான் என்பதால், தூய நீர் அங்குத் திரவமாக நிலைப்பது அரிது. பனிக்கட்டி பெரும்பாலும் உருகாமல் நேரே ஆவியாகிவிடும். ஆயினும் செவ்வாயின் சில சரிவுகளில் வெப்பப் பருவத்தில் நீண்டு, குளிர் வந்ததும் மங்கிவிடும் கருங்கோடுகள் உண்டு. அவற்றில் நீரேறிய (நீர் மூலக்கூறுகளைத் தாங்கிய) உப்புகள் தென்படுவதாகவும், இன்றும் உப்புநீர் வழிவதற்கு அது வலுவான சான்று என்றும் 2015-இல் நாசா அறிவித்தது. 2017-இல் வந்த ஆய்வோ, அக்கோடுகள் ஏறக்குறைய 27 பாகைக்கு மேற்பட்ட சரிவுகளிலேயே காணப்படுவதையும், சரிவு அதற்குக் கீழே தணியும் இடத்தில் நின்றுவிடுவதையும் சுட்டிக்காட்டியது. நீர் என்றால் மேலும் கீழே வழிந்திருக்கும். அந்தக் கோணத்தில் நின்றுவிடுவது காய்ந்த மணலின் இயல்பு. முதல் செய்தியோடு நின்றுவிட்ட வாசகர், செவ்வாயில் நீர் ஓடுவதாகவே இன்றும் நம்பிக்கொண்டிருப்பார். முந்நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்பு செவ்வாயின் ஜெசீரோ பள்ளத்தில் ஆறு பாய்ந்தது என்பது வேறு செய்தி. அதையும் இதையும் கலக்கக் கூடாது.

சொல்லால் விளையும் குழப்பமும் சிறிதன்று. 1877-இல் இத்தாலிய வானியலாளர் ஸ்கியாபரெல்லி செவ்வாயில் கண்டதாகக் குறித்த கோடுகளுக்கு இட்ட ‘கனாலி’ என்ற பெயர், இயற்கையான ஓடையையும் குறிக்கும். ஆங்கிலத்தில் அது வெட்டப்பட்ட வாய்க்கால் ஆனது. வாய்க்கால் என்றால் வெட்டியவரும் இருக்க வேண்டுமல்லவா? 1965-இல் மரைனர் 4 விண்கலம் அனுப்பிய படங்களில் வாய்க்கால் எதுவும் இல்லை. இன்று நம் மொழியில் அதே வேலையைச் செய்வது, கரிமச் சேர்மம் (கார்பன் அடங்கிய சேர்மம்) என்று எழுத வேண்டிய இடத்தில் ‘உயிர்ப்பொருள்’ என்று எழுதும் வழக்கம். 1969-இல் ஆஸ்திரேலியாவில் விழுந்த மர்ச்சிசன் விண்கல்லில், புரதங்களின் கட்டுமான அலகுகளான அமினோ அமிலங்கள்கூட இருந்தன. அவை உயிரின்றியும் உருவாகும்.

சூரியனுக்கு அருகில்தான் திரவ நீர் இருக்கும் என்று கொள்வதும் பிழையே. ஏறக்குறைய 500 கிலோமீட்டர் விட்டமே உள்ள சனியின் துணைக்கோள் என்சலடஸ், கோளின் ஈர்ப்பால் ஓயாமல் பிசையப்படுவதால் உள்ளே சூடேறி, பனி ஓட்டுக்கு அடியில் ஒரு கடலைத் தாங்குகிறது. தென்துருவ வெடிப்புகளிலிருந்து பீறிடும் நீராவியினூடே பறந்த காசினி விண்கலத்தின் பதிவுகளில் உப்பும், ஹைட்ரஜனும், பாஸ்பேட்டும் தெரியவந்தன. இவை உயிருக்கு ஏற்ற சூழலின் குறிகளே அன்றி, உயிரின் குறிகள் அல்ல. வியாழனின் துணைக்கோளான யூரோப்பாவை ஆராய 2024-இல் புறப்பட்ட கிளிப்பர் விண்கலத்தின் நோக்கமும் அத்தகைய சூழல் உண்டா என்று அறிவதே. அது உயிரைக் கண்டுபிடிக்கச் செல்கிறது என்று எழுதுவது பொருந்தாது.

எதிர்த்திசையில், அதாவது ‘இல்லை’ என்று முடிவுகட்டுவதில், நிகழும் அவசரம் குறைவாகவே பேசப்படுகிறது. 1976-இல் செவ்வாயில் இறங்கிய வைக்கிங் கலங்கள் மண்ணைச் சூடாக்கிப் பார்த்தபோது வெளிப்பட்ட குளோரின் கலந்த கரிமச் சேர்மங்கள், பூமியிலிருந்து ஒட்டிவந்த துப்புரவுத் திரவத்தின் எச்சம் என்று ஒதுக்கப்பட்டன. அம்மண்ணில் கரிமமே இல்லை என்ற எண்ணமும் வேரூன்றியது. 2008-இல் பீனிக்ஸ் கலம் செவ்வாய் மண்ணில் குளோரின் அடங்கிய பெர்குளோரேட் உப்பைக் கண்டது. சூடேறும்போது அவ்வுப்பு கரிமப் பொருளைச் சிதைத்துவிடும் என்பதால், வைக்கிங்கின் சோதனையே தேடிய பொருளை எரித்திருக்கக்கூடும். பின்னர் கியூரியாசிட்டி ஊர்தி கேல் பள்ளத்தின் பழைய சேற்றுப் பாறையில் கரிம மூலக்கூறுகளைக் கண்டறிந்தது. அவை விண்கற்களோடு வந்தவையா, அங்கேயே விளைந்தவையா என்பது இன்னும் தீர்மானமாகவில்லை.