ராணுவ உதவிப் பட்டியலைப் படிப்பது எப்படி?

இத்தனை கோடி டாலர் ராணுவ உதவி என்று செய்தி வந்தால், அந்தத் தொகையை முதலில் ஓரமாக வைத்துவிடுங்கள். வரலாறு நடத்தும் ஆசிரியன் நான்; என் மாணவர்களிடமும் இதைத்தான் சொல்வேன். என்ன பொருள், எந்த மாதம், எந்த வழியாகப் போனது, கொடுத்தவருக்கு வேறு எங்கே கை இறுகியது என்று பாருங்கள். பழகுவதற்கு நல்ல உதாரணம், இரண்டாம் உலகப் போரில் சோவியத் யூனியனுக்குப் போன உதவி. ஒரு அட்லஸும் நோட்டும் போதும்.

முதலில் மாதம். 1941 அக்டோபர் 1 அன்று மாஸ்கோவில் கையெழுத்தான உடன்பாட்டில், பிரிட்டனும் அமெரிக்காவும் சேர்ந்து மாதம் 400 விமானங்களும் 500 டாங்கிகளும் தருவதாக ஒப்புக்கொண்டன. இதை நோட்டின் இடப்பக்கம் எழுதுங்கள். வலப்பக்கம், அதே மாதங்களில் பிரிட்டனின் மற்றப் போர்முனைகள். டிசம்பர் 8 அன்று ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கியபோது அங்கே பிரிட்டிஷ் டாங்கி ஒன்றுகூட இல்லை. பிரிட்டனின் ஹரிக்கேன் போர் விமானங்களோ செப்டம்பரிலேயே வட ரஷ்யாவின் முர்மான்ஸ்க் துறைமுகம் பக்கம் பறந்துகொண்டிருந்தன. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது.

ரஷ்யாவுக்குக் கொடுத்ததால்தான் விழுந்தது என்று எழுதிவிடாதீர்கள். வட ஆப்பிரிக்கப் போர்முனையும் தளவாடங்களை இழுத்துக்கொண்டிருந்தது. ஆனால் பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில் எதை முன்னால் வைத்தார், எதைப் பின்னால் தள்ளினார் என்பது இந்த இரண்டு பக்கங்களிலும் பளிச்சென்று தெரியும். என் பாட்டி மலாயாவில் ஈப்போ பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர். அவருடைய அண்ணனை ஜப்பானியர்கள் சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள், திரும்பவில்லை. அதனால்தான் வலப்பக்கத்தைக் காலியாக விடவே கூடாது என்று மாணவர்களிடம் கண்டிப்பாக இருக்கிறேன்.

அடுத்து, அட்லஸில் வழியைக் கோடு போட்டுப் பாருங்கள். ஆர்க்டிக் கடல் வழிதான் குறுக்குவழி, ஆனால் ஜெர்மன் விமானங்களும் நீர்மூழ்கிகளும் காத்திருந்தன. 1942 ஜூலையில் பிக்யூ-17 என்ற கான்வாயின் (போர்க்கப்பல் காவலோடு போகும் கப்பல் கூட்டம்) 35 சரக்குக் கப்பல்களில் 24 மூழ்கின. ஈரான் வழிக்கு அந்த நாடே கையில் இருக்க வேண்டும். 1941 ஆகஸ்டில் பிரிட்டிஷ், சோவியத் படைகள் அங்கே நுழைந்ததற்கு எண்ணெய் வயல்களோடு இதுவும் ஒரு காரணம். சோவியத்தின் பசிபிக் துறைமுகமான விளாடிவோஸ்டாக் வழியாகத்தான் சுமார் பாதிச் சரக்கு போனது. ஜப்பானும் சோவியத்தும் அப்போது ஒன்றோடொன்று போரிடாததால் சோவியத் கொடி கட்டிய கப்பல்கள் ஜப்பானைத் தாண்டிப் போயின. ஆயுதம் மட்டும் ஏற்ற முடியாது: உணவு, எரிபொருள், ரயில் இன்ஜின் போன்றவைதான். வழியே சரக்கைத் தீர்மானித்துவிட்டது, பாருங்கள்!

அப்புறம், வாங்கியவர் எதைச் செய்வதை நிறுத்தினார் என்று தேடுங்கள். சோவியத்தில் ரயில் இன்ஜின் உற்பத்தி ஏறக்குறைய நின்றே போனது; கார்கிவ் இன்ஜின் தொழிற்சாலை யூரல் பக்கம் இடம்பெயர்ந்து டி-34 டாங்கிகளைச் செய்தது. வந்திறங்கிய சுமார் 4 லட்சம் லாரிகளும் ஜீப்புகளும் 1944இல் படையை வேகமாக மேற்கே நகர்த்த உதவின. கத்யூஷா ராக்கெட்டுகளைக்கூட அமெரிக்க ஸ்டுடிபேக்கர் லாரிமேல் ஏற்றினார்கள்.

கடைசியாக, உதவி நின்ற தேதி. ஜப்பான் சரணடைந்ததும், 1945 ஆகஸ்டிலேயே அமெரிக்க அதிபர் ட்ரூமன் நிறுத்திவிட்டார். பிரிட்டனும் அமெரிக்காவிடம் இதே உதவியை வாங்கிக்கொண்டிருந்தது; உணவுக்கே அதை நம்பியிருந்த அந்த நாடு, அமெரிக்காவிடம் 375 கோடி டாலர் கடன் கேட்க வேண்டியதாயிற்று. அதன் கடைசித் தவணை 2006 டிசம்பரில்தான் கட்டி முடிந்தது.