கோத்தகிரியில் போன நகை எந்தக் கணக்கில் ஏறும்?

நீலகிரியில் இந்த வருஷம் இத்தனை திருட்டு என்று செய்தியில் வருகிறதே, அந்த எண் எப்படி உருவாகிறது? கோத்தகிரியில் டிசம்பர் 30 இரவு ஒரு வீட்டின் பூட்டை உடைத்து நகையை எடுத்துவிட்டார்கள் என்று வையுங்கள். ஊருக்குப் போயிருந்தவர்கள் திரும்பி வந்து ஜனவரி 2 அன்று புகார் கொடுக்கிறார்கள்.

படி 1: கையில் கிடைத்த தாளைப் பாருங்கள்

எல்லாம் இங்கேதான் தொடங்குகிறது. பக்கத்து வீட்டு அக்கா ஒரு ரசீதைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு மாதக்கணக்கில் பத்திரமாக வைத்திருந்தார். வாங்கிப் பார்த்தால் சி.எஸ்.ஆர்.! அது மனு வந்ததற்கான அத்தாட்சி மட்டுமே, குற்றக் கணக்கில் ஏறாது. எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) போட்டால்தான் ஏறும். இப்படிப் பூட்டை உடைத்த திருட்டுக்கு எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும். 2013-ல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதைத்தான். புகார் கொடுத்தவருக்கு நகல் இலவசம். தயங்காமல் கேளுங்கள்.

படி 2: எஃப்.ஐ.ஆரில் தேதியையும் பிரிவையும் படியுங்கள்

நம் திருட்டு நடந்தது டிசம்பரில். ஆனால் பதிவானது ஜனவரியில், அதனால் புது வருஷக் கணக்கில்தான் சேரும். அப்புறம் பிரிவு. வீட்டுக்குள் திருடுவது முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 380. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 305. நாடு முழுக்க இதே எண் என்பதால்தான் தமிழ்நாட்டையும் கேரளாவையும் ஒரே அட்டவணையில் வைக்க முடிகிறது.

படி 3: அது போகும் வழி

ஸ்டேஷனில் சி.சி.டி.என்.எஸ். என்ற, நாடு முழுக்கக் காவல் நிலையங்களை இணைக்கும் மென்பொருளில் ஏற்றுவார்கள். கைது, பறிமுதல், இறுதி அறிக்கை ஒவ்வொன்றுக்கும் தனிப் படிவம் உண்டு. மாவட்ட, மாநிலக் குற்ற ஆவணக் காப்பகங்கள் சரிபார்த்தபின் டெல்லியில் உள்ள தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்துக்குப் போகும்.

எஃப்.ஐ.ஆரை 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்பது 2016-ல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு. பாலியல் குற்றம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. இடத்தின் அமைப்பால் நெட் கிடைக்காவிட்டால் 72 மணி நேரம் வரை அவகாசம். மலையில் இருப்பவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

படி 4: எண்ணும் முறை

ஒரு எஃப்.ஐ.ஆரில் பல பிரிவு இருந்தாலும் மிகக் கடுமையான குற்றம் மட்டுமே எண்ணப்படும். திருட வந்தவர்கள் காவலாளியைக் கொன்றிருந்தால் கணக்கில் கொலை 1. திருட்டு அதில் தெரியாது.

படி 5: விகிதத்தைப் படிப்பது

குற்ற விகிதம் என்பது லட்சம் பேருக்கு எத்தனை வழக்கு என்பது. 2011 கணக்கெடுப்பில் நீலகிரியின் மக்கள்தொகை சுமார் 7.35 லட்சம். மே சீசனில் ஊட்டி ரோஜாப் பூங்காவில் கைப்பையைப் பறிகொடுத்த மதுரைக்காரரின் வழக்கு நம் கணக்கில் ஏறும், அவர் தலையோ மதுரையில் எண்ணப்பட்டிருக்கும். அதனால் நம் விகிதம் கூடுதலாகத் தெரியும். சரி, இதை மனதில் வைத்துக்கொண்டு நீலகிரியை ஈரோட்டோடு ஒப்பிடுங்கள்.