அவருக்கும் 22 வயதுதான்

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படித்தபோது நாங்கள் ஒன்பது பேர், சனிக்கிழமைகளில் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் உள்ள ஒரு நிலையத்துக்குப் போகத் தொடங்கினோம். அறிவுசார் குறைபாடுள்ள இளைஞர்களும் யுவதிகளும் பகலில் வந்து தையல், தோட்டவேலை, ஓலை பின்னும் பன்னவேலை பழகும் இடம் அது. முதல் நாள் பலூன்களும் ஒரு கேக்கும் முயல் படம் போட்ட வர்ணம் தீட்டும் புத்தகங்களும் கொண்டுபோனோம். எனக்கு எதிரே இருந்தவருக்கு 22 வயது, நல்ல அடர்த்தியான மீசை. முயலைப் பார்த்தார். புத்தகத்தை மூடினார். வாசலில் நின்ற மோட்டார் சைக்கிளைக் காட்டி அது எத்தனை சிசி என்று கேட்டார். எனக்கு அப்போது 21.

எங்கள் பிழைகளில் பாதிக்கு மேல் அந்த முயலில் இருந்து வந்தவைதான். இப்படியான இடங்களுக்குப் போகத் தொடங்கும் மாணவர்களுக்காக அவற்றை எழுதுகிறேன்.

“உடம்புதான் வளர்ந்திருக்கிறது, மனம் ஐந்து வயதுப் பிள்ளை” என்று ஊரில் சொல்வார்கள். அன்பாகத்தான் சொல்வார்கள், கணக்குத்தான் பிழை. நுண்ணறிவு ஈவு (IQ) ஏறக்குறைய 70க்குக் கீழே இருப்பதை மட்டும் வைத்து இந்தக் குறைபாட்டை முடிவு செய்வதில்லை. அன்றாட வாழ்க்கைத் திறன்களிலும் தடங்கல் இருக்க வேண்டும், இரண்டும் வளரும் பருவத்திலேயே தொடங்கியிருக்க வேண்டும். பெரும்பாலானோருக்கு இருப்பது இலேசான வகை. மனநோய் என்பது வேறு விடயம். ஒருவருடைய திறன்கள் எல்லாம் ஒரே மட்டத்தில் இருப்பதும் இல்லை. மீசைக்காரருக்கு மிச்சக் காசு எண்ண வராது. ஆனால் சிவப்பு பஸ்ஸில் தனியாக ஏறி, சரியான தரிப்பிடத்தில் இறங்கி வருவார். எந்த ஐந்து வயதுப் பிள்ளை அதைச் செய்யும்?

அழைக்கும் விதத்தில் அடுத்த பிழை. நீ, நீர், நீங்கள் என்று யாழ்ப்பாணத்தில் நமக்கு மூன்று படிகள் இருக்கின்றன. உங்கள் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த ஒருவரை எந்தப் படியில் வைத்துக் கதைப்பீர்களோ, இவரையும் அதே படியில் வையுங்கள். “குஞ்சு”, “செல்லம்” எல்லாம் தாய்மாருக்கு உரிய சொற்கள். தாடி வளர்ந்த ஒருவரின் கன்னத்தைக் கிள்ளுவதும் அப்படித்தான், உங்கள் வகுப்புத் தோழனிடம் செய்தால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இன்னொன்று, பக்கத்தில் நிற்கும் அம்மாவிடம் “இவர் தேநீர் குடிப்பாரா?” என்று கேட்பது. குடிக்கப் போகிறவர் முன்னால்தான் இருக்கிறார்.

அவரிடம் கேட்டால் பதில் வர நேரமாகும். இதை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது, ஏனென்றால் நான் வாய் மூடத் தெரியாதவன். கேள்வியைக் கேட்டு இரண்டு நொடியில் வேறு சொற்களில் அதையே திரும்பக் கேட்பேன். அவர் முதல் கேள்வியைப் பாதி யோசித்திருக்கும்போது இரண்டாவது வந்து விழும். ஒரு கேள்வி கேளுங்கள், பிறகு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். ஆம், இல்லை என்று முடியும் கேள்விகளையும் நம்ப வேண்டாம். வாழ்நாள் முழுவதும் ஆசிரியர்களையும் பெற்றோரையும் திருப்திப்படுத்திப் பழகியவர்கள், எதைக் கேட்டாலும் ஓம் என்று சொல்லிவிடுவார்கள். “கிரிக்கெட் விளையாட விருப்பமா?” என்றால் ஓம். “வீட்டுக்குப் போக விருப்பமா?” என்றாலும் ஓம். “கிரிக்கெட்டா, கேரமா?” என்று கேட்டாலும் கடைசியாகக் காதில் விழுந்ததைச் சொல்லிவிடுவது உண்டு. பந்தையும் கேரம் காய்களையும் எடுத்து மேசையில் வைத்துவிட்டுக் கேட்டபோதுதான் எங்களுக்கு உண்மையான பதில்கள் கிடைத்தன.

கிரிக்கெட்டில் வேண்டுமென்றே ஆட்டமிழந்து கொடுப்பது ஒரு பெரிய அவமதிப்பு. நாங்கள் செய்தோம். மூன்றாவது ஓவரில் ஒருவர் மட்டையைக் கீழே போட்டுவிட்டு, ஒழுங்காகப் பந்து போடச் சொன்னார். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்காக 1968இல் சிக்காகோவில் தொடங்கிய ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் விளையாட்டு இயக்கத்தில், குறைபாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒரே அணியில் ஆடும் கலப்பு விளையாட்டு என்று ஒரு வகை இருக்கிறது. வயதும் திறமையும் ஏறத்தாழப் பொருந்துகிறவர்களைச் சேர்த்துத்தான் அணி அமைப்பார்கள், இரக்கப்பட்டு விட்டுக்கொடுக்கும் தேவை வராமல் இருக்க.

விளையாட்டுக்கு முன் ஒரு விடயம். அறிவுசார் குறைபாட்டோடு சேர்ந்து பிறப்பிலேயே வரும் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் இருதயக் குறைபாட்டுடன் பிறக்கிறார்கள். சிலருக்குக் கழுத்தின் மேல் மூட்டு தளர்வாக இருக்கும். குட்டிக்கரணம், கழுத்தைப் பிடித்து விளையாடுவது இரண்டும் கூடாது. மற்றவற்றுக்கு நிலையத்துப் பொறுப்பாளரிடம் கேளுங்கள். கேக்குக்கும்தான்: விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கு அவசரமாக ஊட்டிவிட்டால் மூச்சுக்குழாயில் அடைத்துவிடும்.

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களிடம் வலிப்பு மற்றவர்களைவிட அதிகம் காணப்படுகிறது. வலிப்பு வந்தால் நம் ஊரில் உடனே யாராவது ஒரு சாவிக்கொத்தோடு ஓடி வருவார். இரும்பு வலிப்பை நிறுத்தாது. வாய்க்குள் கரண்டியோ விரலோ வைப்பதும், கைகால்களை அழுத்திப் பிடிப்பதும் ஆபத்து. சுற்றியுள்ள கதிரைகளை நகர்த்துங்கள், தலைக்குக் கீழே மென்மையான ஏதாவது வையுங்கள், பக்கவாட்டில் சரித்துப் படுக்க வையுங்கள், மணிக்கூட்டைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

நல்லூர்த் திருவிழாவுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்ற ஆசை எல்லாக் குழுவுக்கும் வரும். நல்ல ஆசைதான். நாங்கள் சொல்லாமல் கொள்ளாமல் கூட்டிப்போனோம், திகைக்க வைக்க வேண்டுமாம். வாசலில் ஆண்கள் சேர்ட்டைக் கழற்ற வேண்டும் என்பதை அவர்களிடம் சொல்ல மறந்துவிட்டோம். கூட்டத்துக்கு நடுவில், மேளச் சத்தத்தில், திடீரென்று சேர்ட்டைக் கழற்றச் சொன்னால் யாருக்குத்தான் பிடிக்கும்? ஒருவர் காதைப் பொத்திக்கொண்டு மணலில் இருந்துவிட்டார். அடுத்த வருடம் ஒரு கிழமைக்கு முன்பே படங்களைக் காட்டி, என்னென்ன நடக்கும் என்று வரிசையாகச் சொன்னோம். 25 நாளில் தேரையும் தீர்த்தத்தையும் விட்டுவிட்டு, கூட்டம் குறைந்த ஒரு நாளாகப் பார்த்துப் போனோம். வேண்டாம் என்றவர்களுடன் இரண்டு பேர் வெளியே ஐஸ்கிரீம் கடையில் இருந்தார்கள். அந்த இரண்டு பேருக்கும் அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

படங்களைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்கள் பிறந்தநாளுக்கும் நினைவு நாளுக்கும் இப்படியான இடங்களில் மதிய உணவு கொடுப்பது இங்கே வழக்கம். சாப்பாட்டுத் தட்டோடு வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களைப் படம் எடுத்து அனுப்புவதும் வழக்கமாகிவிட்டது. மாணவர்கள் அதைப் பார்த்துப் பழகி, தோளில் கை போட்டு ஒரு படம் எடுத்து, “கடவுளின் குழந்தைகளுடன் ஒரு நாள்” என்று முகநூலில் போடுகிறார்கள். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சாசனத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது; அதன் 22ஆம் உறுப்புரை தனியுரிமை பற்றியது. படம் எங்கே போகும், யார் பார்ப்பார்கள் என்பதை அவருக்குப் புரியும்படி சொல்லிக் கேளுங்கள். பெற்றோர், நிலையம் இரண்டின் சம்மதமும் வேண்டும். எடுத்த படத்தை முதலில் அவருக்குக் காட்டுங்கள். பிடிக்கவில்லை என்றால் அவர் முன்னாலேயே அழித்துவிடுங்கள்.

யுவதிகளின் பெற்றோருக்கு வரும் பயம் நியாயமானது. எங்கே போனாலும் இரண்டு தொண்டர்களாகப் போங்கள், அறைக் கதவைத் திறந்து வையுங்கள். கழிப்பறை உதவி நிலையத்து ஊழியர்களின் வேலை. பார்த்தவுடன் கட்டிப்பிடிக்கிறவர்களுக்குக் கை கொடுத்து வணக்கம் சொல்லப் பழக்குங்கள். யாரையும் கட்டிப்பிடிக்கலாம் என்று நாம் பழக்கிவிட்டால், நாளைக்கு அதைக் கெட்ட எண்ணம் உள்ள ஒருவன் பயன்படுத்துவான்.

தொலைபேசி இலக்கத்தைக் கொடுப்பதற்கு முன் யோசியுங்கள். நான் கொடுத்தேன். காலை ஐந்தரைக்கு அழைப்பு வரும், விடயம் ஒன்றும் இராது, சாப்பிட்டீர்களா என்று கேட்பார். ஒரு நாளில் 14 தடவை. எரிச்சலில் எடுக்காமல் விட்டேன். பிழை என்னுடையது: மாலை ஏழு மணிக்கு ஒரு தடவை என்று முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். பிறகு சொன்னபோது அப்படியே கடைப்பிடித்தார், என்னைவிட ஒழுங்காக.

இறுதிப் பரீட்சை வந்தது, நாங்கள் நின்றுவிட்டோம். யாரும் தீர்மானித்து நிற்கவில்லை. இந்தக் கிழமை பாடம் இருக்கிறது, அடுத்த கிழமை பார்ப்போம் என்று அது தானாக நடந்தது. கடைசியாக விடைபெறும்போது “அடுத்த சனி வருகிறோம்” என்றுதான் சொல்லியிருந்தோம். மீசைக்காரர் ஆறு சனிக்கிழமை, வெளியே போய் மோட்டார் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் நின்றார் என்று பிறகு நிலையத்தில் சொன்னார்கள். இப்போது போகும் குழுவிடம் நான் கேட்பது ஒன்றுதான்: முதல் நாளே ஒரு கலண்டரை வாங்கி, வரும் நாள்களையும் வராத நாள்களையும் கடைசி நாளையும் அவரோடு சேர்ந்து குறித்து, அதைச் சுவரில் மாட்டிவிட்டுத்தான் வேறு எதையும் தொடங்க வேண்டும்.