அகேடியாவில் அவசரமில்லாத மூன்று நாள்: அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

அமெரிக்காவுக்கு வந்த முதல் வருஷம், அக்டோபர் நெருங்கும்போது இலை நிறம் மாறுவதைப் பார்க்கப் போக வேண்டும் என்ற ஆசை வந்துவிடும். அதோடு நயாகரா, நியூயார்க், வாஷிங்டன் எல்லாம் சேர்ந்துகொள்ளும். கடைசியில் நான்கு நாள் விடுமுறையில் பாதி காருக்குள்ளேயே கழிந்துவிடும். என் யோசனை வேறு. மேய்ன் மாநிலக் கடற்கரையில் இருக்கும் அகேடியா தேசியப் பூங்காவுக்குப் போய், மூன்று இரவும் ஒரே அறையில் தங்குங்கள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் திட்டத்தில் எதையும் எழுத வேண்டாம்.

பூங்காவின் பெரும்பகுதி மவுண்ட் டெசர்ட் என்ற தீவில் இருக்கிறது. தீவு என்றாலும் பாலம் உண்டு, காரிலேயே போய்விடலாம். இன்றிருக்கும் தேசியப் பூங்காக்களில், மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே முதலில் வந்தது இதுதான், 1919-ல். அகேடியா என்ற பெயர் 1929-ல் வந்தது. தங்குவதற்கும் சாப்பிடுவதற்கும் முக்கியமான ஊர் பார் ஹார்பர். பாஸ்டனிலிருந்து சுமார் 280 மைல், நெரிசல் இல்லாவிட்டால் ஐந்து மணி நேரம். தூர மாநிலங்களில் இருப்பவர்கள் பேங்கருக்கு விமானத்தில் வந்து கார் எடுத்துக்கொண்டால், அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆகும். வாடகைக் காருக்கு ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள். டெபிட் கார்டு மட்டும் வைத்திருக்கும் புதியவர்கள், அந்தக் கிளையில் அதை ஏற்பார்களா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். 25 வயதுக்குக் கீழே என்றால் பெரும்பாலும் கூடுதல் கட்டணம் போடுவார்கள். குழந்தை இருந்தால் கார் சீட் சட்டப்படி கட்டாயம்.

எப்போது போவது? நிறம் உச்சத்துக்கு வருவது வழக்கமாக அக்டோபர் நடுவில். மேய்ன் மாநில அரசு செப்டம்பரிலிருந்து ஒவ்வொரு வாரமும் எந்தப் பகுதியில் இலை எவ்வளவு மாறியிருக்கிறது என்று வரைபடத்தோடு வெளியிடுகிறது. அதைப் பார்த்துக்கொண்டே இருங்கள். அக்டோபர் இரண்டாவது திங்கள்கிழமை பொது விடுமுறை என்பதால் அந்த வார இறுதியில் கூட்டம் அலைமோதும், அறை வாடகையும் ஏறிக்கிடக்கும். முடிந்தால் இரண்டு நாள் லீவு போட்டு, அதற்கு அடுத்த வாரத்தின் நடுவில் போங்கள். மாதக் கடைசி வரை தள்ளிப்போடாதீர்கள். பார் ஹார்பரில் பல விடுதிகளும் உணவகங்களும் குளிர்காலத்துக்காக மூட ஆரம்பித்துவிடும். அறையைக் கோடையிலேயே, ரத்து செய்தால் பணம் திரும்பும் வகையில் பதிவு செய்துவைப்பது நல்லது. பார் ஹார்பர் விலை கட்டுப்படியாகவில்லையா, பாலத்துக்கு இந்தப் பக்கம் எல்ஸ்வொர்த் என்ற ஊரில் தேடுங்கள். அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான ஓட்டம்தான்.

அங்கே பார்க்கப்போகும் நிறத்துக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1947 அக்டோபரில், மழை குறைந்த கோடைக்குப் பிறகு, இந்தத் தீவில் பெருந்தீ பிடித்தது. பூங்காவில் மட்டும் பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் எரிந்தது. அதுவரை கிழக்குப் பக்கம் பெரும்பாலும் ஸ்ப்ரூஸ், ஃபர் போன்ற என்றும் பச்சையான ஊசியிலை மரங்கள். அவை போன இடத்தில் வெயிலுக்கு ஆசைப்படும் பிர்ச்சும் ஆஸ்பெனும் முளைத்தன. இன்றைக்கு மலைச்சரிவில் மஞ்சளும் செம்மஞ்சளுமாகத் தெரிவதில் நிறைய அந்தத் தீக்குப் பின் வந்த காடு. எரியாமல் தப்பிய மேற்குப் பக்கம் கரும்பச்சையாகவே நிற்கிறது. இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்கு நன்றாகத் தெரியும்.

அடுத்தது கட்டணம். புதிதாக வந்தவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். ஒரு காருக்கு ஏழு நாள் நுழைவுக் கட்டணம் 35 டாலர். ஆனால் 2026 ஜனவரியிலிருந்து, அகேடியா உட்பட 11 தேசியப் பூங்காக்களில், அமெரிக்காவில் வசிக்காதவர்களுக்கு 16 வயதிலிருந்து ஆளுக்கு 100 டாலர் கூடுதல் கட்டணம் வந்திருக்கிறது. எல்லாப் பூங்காக்களுக்குமான வருடாந்திர பாஸ் இங்கே வசிப்பவர்களுக்கு 80 டாலர், மற்றவர்களுக்கு 250 டாலர். வசிப்பவர் என்று காட்ட அமெரிக்க அரசு கொடுத்த புகைப்பட அடையாள அட்டை வேண்டும்: மாநில டிரைவிங் லைசென்ஸ், ஸ்டேட் ஐடி, கிரீன் கார்டு போன்றவை. வந்து சில வாரங்களே ஆகி இந்திய அல்லது இலங்கை லைசென்ஸோடு ஓட்டிக்கொண்டிருப்பவர்கள், பயணத்துக்கு முன்பே ஸ்டேட் ஐடியாவது எடுத்துவிடுங்கள். விசிட்டர் விசாவில் வந்திருக்கும் அப்பா அம்மாவைக் கூட்டிப்போவதாக இருந்தால், உங்கள் காருக்கு என்ன விதி என்று பூங்காவின் இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

இன்னொன்று. குடியுரிமை இல்லாத 18 வயதுக்கு மேற்பட்டவர்கள் தங்கள் குடிவரவுப் பதிவுக்கான சான்றை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். மேய்ன், கனடாவை ஒட்டிய எல்லை மாநிலம். கிரீன் கார்டோ, நாட்டுக்குள் வந்ததற்கான பதிவான ஐ-94-ன் அச்சுப் பிரதியோடு பாஸ்போர்ட்டோ கையிலேயே இருக்கட்டும். இதற்காகப் பயப்பட வேண்டியதில்லை, மறக்காமல் எடுத்துவைத்தால் போதும்.

சரி, நாளை எப்படிப் பிரிப்பது? இங்கேதான் என் முழு யோசனையும் அடங்கியிருக்கிறது. பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலை மூடிவைத்துவிட்டு, கடல் ஏற்ற இறக்க அட்டவணையைத் திறங்கள். பார் ஹார்பர் என்று தேடினால் அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல அமைப்பான நோவாவின் பக்கத்தில் இலவசமாகக் கிடைக்கும். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ கடல் ஏறி இறங்குவதை நாம் பெரிதாகக் கவனித்திருக்க மாட்டோம். இங்கே ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவே நீர்மட்டம் சுமார் 10 முதல் 12 அடி மாறும். காலையில் படகுத்துறையில் தளத்தின் அளவுக்கு மிதக்கும் படகு, மதியம் பார்த்தால் ஒரு மாடி இறங்கிப் போயிருக்கும். நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம், அடுத்த நாள் எல்லாம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும்.

ஒரு உதாரணம். வியாழக்கிழமை காலை 10:30 மணிக்கு நீர் முழுதாக வடிகிறது என்று வைத்துக்கொள்வோம். பார் ஹார்பரில் பிரிட்ஜ் ஸ்ட்ரீட் கடலில் முடியும் இடத்துக்கு ஒன்பதரை மணி வாக்கில் போங்கள். கடலுக்கு நடுவே சரளைக் கல் மேடு ஒன்று பாதையாக எழுந்திருக்கும், எதிரே இருக்கும் பார் தீவு வரை. அதன் மேல் நடந்தே போகலாம். காலடியில் கருநீலச் சிப்பிகள் நொறுங்கும், பழுப்புக் கடற்பாசி வழுக்கும், கல்லிடுக்கில் தேங்கிய நீரில் விரல்நகம் அளவு நண்டு ஒன்று பக்கவாட்டில் ஓடி ஒளியும். பிள்ளைகளுக்கு இதுவே அரை நாள் வேலை. தீவின் உச்சிக்கு ஏறிப் பார்த்தால், இந்தப் பக்கம் ஊரும் அதற்குப் பின்னால் நிறம் மாறிய மலைகளும் தெரியும். ஆனால் நேரத்தில் கண் இருக்கட்டும். இறக்கத்துக்கு முன் ஒன்றரை மணி, பின் ஒன்றரை மணி, அவ்வளவுதான் பாதை திறந்திருக்கும். நம் உதாரணத்தில் பன்னிரண்டு மணிக்கு மூடிவிடும், பதினொன்றரைக்கெல்லாம் திரும்பிவிட வேண்டும். தண்ணீர் இரண்டு பக்கமிருந்தும் சத்தமில்லாமல் வரும். அந்த மேட்டின் மேல் காரை நிறுத்திவிட்டுத் தீவுக்குப் போனவர்களின் கார்கள் மூழ்கியிருக்கின்றன. தவறவிட்டால் அடுத்த இறக்கம் இரவில்தான். இழுப்பில் இறங்கிக் கடக்க முயல வேண்டாம்.

அதே நாள் ஏற்றம் மாலை நாலே முக்கால் வாக்கில் வரும். அதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு, மூன்று மணிக்கு, தண்டர் ஹோல் என்ற பாறைப் பிளவுக்குப் போங்கள். அலை உள்ளே நுழைந்து, அடியில் இருக்கும் சிறு குகைக்குள் காற்றை அடைத்து வெளியே தள்ளும்போது இடி போலச் சத்தம் கேட்கும். கடல் அமைதியாக இருக்கும் நாளில் வெறும் முனகல்தான் கேட்கும், அதுவும் கேட்க நன்றாகவே இருக்கும். புயல் எங்கோ தூரத்தில் இருக்கும் நாளில் பாறை விளிம்புப் பக்கமே போகாதீர்கள். 2009 ஆகஸ்டில் பில் என்ற புயல் கரைக்கு வராமல் கடலோடு கடந்துபோனபோது, இந்த இடத்துக்கு அருகே அலை பார்க்க நின்றவர்களைப் பெரிய அலை ஒன்று கடலுக்குள் இழுத்தது. ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி இறந்துபோனாள். தடுப்பு போட்டிருந்தால் அதற்கு இப்பாலேயே நில்லுங்கள்.

தண்டர் ஹோல் இருக்கும் ஓஷன் பாத், சாண்ட் பீச்சிலிருந்து ஆட்டர் பாயிண்ட் வரை இரண்டு மைல் நடைபாதை. ஒரு பக்கம் இளஞ்சிவப்புக் கிரானைட் பாறை, கீழே கடல், மறுபக்கம் காடு. முழுதும் நடக்க வேண்டும் என்றில்லை. தட்டையான ஒரு பாறையில் ஃப்ளாஸ்க் டீயோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் நஷ்டமில்லை. சாண்ட் பீச்சில் மணலைக் கையில் அள்ளி உற்றுப் பாருங்கள், அதில் பெரும்பகுதி பொடிந்த சிப்பி ஓடுகள். குளிக்க ஆசைப்படாதீர்கள். கோடையிலேயே தண்ணீர் 13 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது அரிது. கல், சிப்பி எதையும் வீட்டுக்கு எடுத்து வரக் கூடாது, பூங்கா விதி அது. கல் மேல் கல் அடுக்கி விளையாடவும் வேண்டாம். மலைப்பாதைகளில் வழி காட்டுவதே கற்குவியல்கள்தான்.

கடிலாக் மலையில் சூரியோதயம் பார்க்க வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். 466 மீட்டர், அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் இதுதான் உயரமான மலை. அக்டோபர் முதல் வாரத்திலிருந்து மார்ச் தொடக்கம் வரை நாட்டில் சூரியனை முதலில் பார்க்கும் இடமும் இதுவே. காரில் மேலே போக, மே கடைசியிலிருந்து அக்டோபர் கடைசி வரை தனி முன்பதிவு வேண்டும். 6 டாலர், ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் மட்டும். முப்பது சதவீத இடங்கள் 90 நாள் முன்பு திறக்கும். மீதி எழுபது சதவீதம் இரண்டு நாள் முன்பு காலை 10 மணிக்குத் திறக்கும். சூரியோதயச் சீட்டுகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். மலை வாசலில் விற்பதில்லை, சிக்னலும் சரியாக இருக்காது. சீட்டை ஃபோனில் முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால், பிள்ளைகளை அதிகாலை நான்கரைக்கு எழுப்பிக் குளிர்காற்றில் நிறுத்துவதைவிடப் பகல் சீட்டு மேல். மேலே குட்டை ப்ளூபெரிச் செடிகள் பாறை இடுக்குகளில் ரத்தச் சிவப்பாகப் பரந்திருப்பது பகல் வெளிச்சத்தில்தான் தெரியும். சூரியோதயம் வேண்டும் என்றால் ஓஷன் பாத்தில் பாருங்கள், அதற்கு முன்பதிவே வேண்டாம். அக்டோபர் நடுவில் சூரியன் ஏழுக்குச் சற்று முன்புதான் எழும்.

பெற்றோரோடு போகிறவர்களுக்கு கேரேஜ் ரோடுகள், அதாவது குதிரை வண்டிப் பாதைகள், வரப்பிரசாதம். கோடீஸ்வரர் ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியர் 1913 முதல் 1940 வரை போட்டுக்கொடுத்த 45 மைல் சரளைப் பாதை. கார் வராது. அகலமான பாதை, பெரிய ஏற்றமில்லாத பகுதிகள் நிறைய, நடுநடுவே கல் பாலங்கள். முட்டி வலி இருப்பவர்களும் கொஞ்ச தூரம் நடந்து திரும்பலாம். ஜோர்டன் பாண்ட் ஏரியைச் சுற்றும் பாதை 3.3 மைல். கிழக்குக் கரை சமமானது, மேற்குக் கரையில் பலகைப் பாலமும் பாறையும் உண்டு. வயதானவர்களோடு கிழக்குக் கரையில் பாதி தூரம் போய்த் திரும்புங்கள். பீஹைவ், பிரசிபிஸ் போன்ற இரும்புப்படி ஏற்றங்கள் படத்தில் அழகாக இருக்கும். ஈரமான நாளிலும் சின்னப் பிள்ளைகளோடும் அவை வேண்டவே வேண்டாம்.

ஏரிக்கரையில் ஜோர்டன் பாண்ட் ஹவுஸில் பாப்ஓவர் என்ற உப்பிய ரொட்டியும் டீயும் பிரபலம். முட்டை சேர்ந்தது, சைவர்கள் தெரிந்துகொள்ளுங்கள். கிளாம் சௌடர் என்ற கெட்டியான சூப்பில் சிப்பி மட்டுமல்ல, பல கடைகளில் பன்றி இறைச்சியும் இருக்கும், கேட்டு வாங்குங்கள். சமையலறையோடு அறை எடுத்தால் இரவுச் சாப்பாட்டுக் கவலை தீர்ந்தது. அரிசி, பருப்பு, ஊறுகாய் கொண்டுபோனால் ரசம் சாதத்துக்கு வேறென்ன வேண்டும்.

பார்க்கிங் காலை ஒன்பது, பத்துக்குள் நிரம்பிவிடும். இலவச ஐலண்ட் எக்ஸ்ப்ளோரர் பேருந்துகள் அந்த அக்டோபர் விடுமுறைத் திங்கள் வரைதான் ஓடும், அதற்குப் பிறகு கார்தான் கதி. பூங்காவுக்குள் சுற்றிவரும் பார்க் லூப் ரோட்டின் ஒருவழிப் பகுதியில் அனுமதித்த இடங்களில் வலது லேனிலேயே காரை நிறுத்தலாம். நடுரோட்டில் கார் நிற்கிறதே என்று திகைக்காதீர்கள். ஆறு மணிக்கு முன்பே சூரியன் விழுந்துவிடும். இருட்டியபின் மேய்ன் நெடுஞ்சாலைகளில் மானும், மூஸ் என்ற பெரிய மானினமும் குறுக்கே வரும். மூஸ் கருநிறம், உயரம் அதிகம், ஹெட்லைட்டில் கண் மின்னுவதும் பெரும்பாலும் தெரியாது. திரும்பும் நாளில் மதியத்துக்குள் கிளம்பிவிடுங்கள்.

மழை வந்தால் வரட்டும். பார் ஹார்பரில் இருக்கும் ஆபி அருங்காட்சியகத்தில், இந்த மண்ணின் பூர்வகுடிகளான வாபனாக்கி மக்களின் கூடைகளையும் வரலாற்றையும் பார்த்து ஒரு காலை கழிக்கலாம். உடையில் பருத்தியைக் குறையுங்கள். நனைந்த ஜீன்ஸ் காயவே காயாது. உள்ளே ஒன்று, மேலே ஃப்ளீஸ், அதற்கு மேல் காற்றும் மழையும் நுழையாத ஜாக்கெட். பகலில் 13, 14 டிகிரி இருந்தாலும் மலை உச்சியில் காற்று காதை அறுக்கும்.

குளிர் வந்துவிட்டதே, பூச்சி இருக்காது என்று நினைக்க வேண்டாம். லைம் என்ற பாக்டீரியா நோயைப் பரப்பும் உண்ணி மேய்னில் அக்டோபரில் மும்முரமாகத் திரியும். பேன்ட்டின் நுனியைச் சாக்ஸுக்குள் விட்டுக்கொள்ளுங்கள், பாதையை விட்டுப் புல்லுக்குள் இறங்காதீர்கள். தினமும் இரவு குளிக்கும்போது முழங்கால் பின்புறம், அக்குள், காதுக்குப் பின், தலைமுடி எல்லாம் தடவிப் பாருங்கள், பிள்ளைகளுக்கும் பாருங்கள். ஒட்டியிருந்தால் முனை கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள். தீயோ எண்ணெயோ வைக்காதீர்கள். வீடு திரும்பி ஒரு மாதத்துக்குள் காய்ச்சலோ, நாளுக்கு நாள் பெரிதாகும் சிவப்புத் தடிப்போ வந்தால் உடனே டாக்டரிடம் போய், மேய்ன் காட்டுப் பகுதிக்குப் போய்வந்ததை முதலிலேயே சொல்லுங்கள்.