பார்வை குறைந்த பின் வேலைக்குத் திரும்ப: எங்கிருந்து தொடங்குவது?

பார்வை குறைகிறது என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் முதலில் எழும் பேச்சு, "வேலையை விட்டுடுப்பா, உடம்பைப் பார்த்துக்கோ" என்பதுதான். அக்கறையில் சொல்கிறார்கள். ஆனாலும் அவசரப்பட்டு ராஜினாமா கடிதம் எழுதிவிடாதீர்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20(4) பிரிவுப்படி, அரசுப் பணியில் இருக்கும்போது ஒருவருக்குக் குறைபாடு ஏற்பட்டால் அவரை நீக்கவோ பதவியிறக்கவோ கூடாது. பழைய பணி ஒத்துவராவிட்டால் அதே ஊதிய விகிதத்தில் வேறு பணி தர வேண்டும். தனியார் நிறுவனத்தில் இருப்பவர்கள் முடிந்தவரை விடுப்பு எடுத்துக்கொண்டு, அந்த நாட்களிலேயே கீழே உள்ள பயிற்சியைத் தொடங்குங்கள்.

1. சான்றிதழ்

மத்திய அரசின் சுவாவ்லம்பன் இணையதளத்தில், மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டையான யுடிஐடி அட்டைக்கு விண்ணப்பியுங்கள். அரசு மருத்துவமனையில் பரிசோதித்துக் குறைபாட்டின் சதவீதத்தைக் குறிப்பார்கள். 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அரசு வேலைக்கான 4 சதவீத இடஒதுக்கீட்டில் வருவீர்கள். அதில் 1 சதவீதம் பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு. அட்டை வரும்வரை காத்திருக்காமல் அடுத்த படிக்குப் போய்விடலாம்.

2. கையில் இருக்கும் போன்

ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் அணுகல்தன்மை (Accessibility) பகுதியில், திரையை வாசித்துச் சொல்லும் டாக்பேக் இருக்கும். முதல் தடவை யாரையாவது இயக்கித் தரச் சொல்லுங்கள். குறுக்குவழியையும் சேர்த்து வைத்துவிட்டால், அப்புறம் இரண்டு வால்யூம் பட்டன்களையும் சில நொடி அழுத்திப் பிடித்து நீங்களே இயக்கலாம், நிறுத்தலாம். விரல் பட்ட இடத்தில் என்ன இருக்கிறது என்று அது சொல்லும். திறக்க இருமுறை தட்ட வேண்டும். வலப்பக்கம் தள்ளினால் அடுத்ததற்குப் போகும்.

முதல் பயிற்சியாக ஒருவருக்கு நீங்களே போன் போடுங்கள். தடுமாறும்போது வீட்டில் இருப்பவர்கள் "குடு, நான் போட்டுத் தரேன்" என்று போனை வாங்காமல் இருக்க வேண்டும். இதை அவர்களிடம் முன்கூட்டியே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். "தைரியமா இரு" என்று நூறு பேர் சொல்லும்போது வராத தைரியம், அந்த ஒரு அழைப்பு போய்ச் சேரும்போது வருவதைப் பார்ப்பீர்கள்.

3. கீபோர்டும் என்விடிஏவும்

அதிக நேரம் ஒதுக்க வேண்டிய படி இதுதான். அலுவலக வேலைக்கு வழி திறப்பதும் இதுதான்.

எஃப், ஜே பட்டன்களின் மேல் சின்ன மேடு ஒன்று விரலில் தட்டுப்படும். இரண்டு ஆள்காட்டி விரல்களையும் அங்கே வையுங்கள். அங்கிருந்துதான் மற்ற எல்லா விரல்களுக்கும் இடம் தெரியும். மவுஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிடுங்கள்.

விண்டோஸில் என்விடிஏ (NVDA) என்ற ஸ்க்ரீன் ரீடரை, அதாவது திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருளை, நிறுவுங்கள். முழுக்க இலவசம். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த, பார்வையற்றவரான மைக்கேல் கர்ரன் 2006இல் தொடங்கியது. கன்ட்ரோல், ஆல்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பேசத் தொடங்கும். பேச்சை நிறுத்தக் கன்ட்ரோல் மட்டும் போதும்.

அடுத்து இன்செர்ட்டோடு மேல்வரிசையில் இருக்கும் 1ஐ அழுத்துங்கள். இப்போது எந்தப் பட்டனைத் தொட்டாலும் அதன் பெயரையும் வேலையையும் சொல்லும், வேறெதுவும் நடக்காது. எதையும் கெடுத்துவிடுவோமோ என்ற பயமில்லாமல் கீபோர்டு முழுவதையும் தடவிப் பழகலாம். பழகியதும் மறுபடி இன்செர்ட்டும் 1ம் அழுத்தி வெளியே வாருங்கள்.

இணையப் பக்கத்தில் எச் (H) அழுத்தினால் தலைப்பு தலைப்பாகத் தாவும், பி (B) பட்டன்களுக்குப் போகும், டி (T) அட்டவணைக்கு. எக்செல்லில் அம்புக்குறியால் நகர்ந்தால் கட்டத்தில் இருப்பதையும் கட்டத்தின் முகவரியையும் சொல்லும். குரலை மெதுவாக வைத்துத் தொடங்கி, காது பழகப் பழக வேகம் கூட்டுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த தமிழ்க் கோப்பைத் திறந்தால், பொருளில்லாத ஆங்கில எழுத்துகளாக வாசிக்கும். உங்கள் மேல் தவறில்லை. கோப்பை யூனிகோடில் கேட்டு வாங்குங்கள்.

4. வெளியே போக

நெஞ்செலும்பு உயரத்துக்கு ஒரு மடக்கு வெண்கோல் வாங்குங்கள். இடது கால் முன்னே போகும்போது கோல் வலப்பக்கம் தட்ட வேண்டும், வலது கால் போகும்போது இடப்பக்கம். இதைப் பயிற்சியாளரிடம் நேரில் கற்பதே நல்லது. சென்னையில் இருப்பவர்கள் பூந்தமல்லியில் உள்ள தேசியப் பார்வை மாற்றுத்திறனாளிகள் நிறுவனத்தின் மண்டல மையத்தில் விசாரிக்கலாம்.

5. வேலை கேட்கும்போது

சென்னைக்காரர் பெனோ செஃபைன் ஸ்டேட் வங்கியில் அதிகாரியாக இருந்து, 2015இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். முழுமையாகப் பார்வையற்ற ஒருவர் அந்தப் பணிக்கு வந்தது அதுவே முதல் முறை. அவர் படித்ததும் ஸ்க்ரீன் ரீடரின் துணையோடுதான்.

நேர்காணலுக்கு உங்கள் லேப்டாப்பையே கொண்டுபோங்கள். "எப்படி வேலை செய்வீங்க?" என்று கட்டாயம் கேட்பார்கள். பதிலாக ஒரு மெயிலைத் திறந்து, வாசிக்கவிட்டு, அங்கேயே பதில் எழுதிக் காட்டுங்கள். ஹெட்போன் வேண்டாம், ஸ்பீக்கரில் அவர்களும் கேட்கட்டும்.

அரசுத் தேர்வு எழுதுவதாக இருந்தால், தகுதியுள்ளவர்களுக்கு எழுத உதவியாளரும் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரமும் உண்டு. இரண்டையும் விண்ணப்பப் படிவத்திலேயே குறிப்பிட்டு, அதன் நகலைத் தேர்வு நாளன்று கையோடு வைத்திருங்கள்.