விசா கையில், வேலை எங்கே? ஆஸ்திரேலியா போகும் தோட்டத்துப் பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வட்டாரப் பகுதிகளில் வசித்து வேலை செய்ய ஆஸ்திரேலியா தரும் தற்காலிகத் திறன் விசாவான 491 வந்த அன்றைக்கே வேலையும் வந்துவிட்ட மாதிரி வீட்டில் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். மலேசியாவில் சுங்கை சிப்புட்டிலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் வளர்ந்த பிள்ளைகளுக்கு இடம் மாறுவது ஒன்றும் புதிதல்ல. தோட்டத்திலிருந்து பட்டணம், பட்டணத்திலிருந்து ஈப்போ, அப்புறம் பினாங்கு ஃபேக்டரி, ஜொகூர் பாருவில் அறை எடுத்துக்கொண்டு சிங்கப்பூர் வேலை என்று தலைமுறை தலைமுறையாக நகர்ந்துகொண்டேதான் இருக்கிறோம். அங்கெல்லாம் முன்னால் போன அண்ணன் ஒருத்தர் சொல்லிவிட்டால் போதும், வேலை கிடைத்துவிடும். ஆஸ்திரேலியாவில் விசாவுக்கு ஒரு ஃபைல், வேலைக்கு இன்னொரு ஃபைல். முதல் ஃபைலுக்கு ராப்பகலாக உழைத்தவர்கள் இரண்டாவதைத் திறந்தே பார்க்காமல் விமானம் ஏறுகிறார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

எலெக்ட்ரீஷியனை எடுத்துக்கொள்ளுங்கள். மலேசிய எரிசக்தி ஆணையமான சுருஹான்ஜாயா தெனாகா கொடுத்த வயர்மேன் அல்லது சார்ஜ்மேன் சான்றிதழ் இருக்கிறது, பத்து வருஷ அனுபவம் இருக்கிறது, ட்ரேட்ஸ் ரெகக்னிஷன் ஆஸ்திரேலியா என்ற அமைப்பு திறன் மதிப்பீட்டில் பாஸ் என்று எழுதிவிட்டது. போய் இறங்கினால் ஒரு பிளக் பாயின்ட்கூட மாட்ட முடியாது. அந்த மதிப்பீடு விசாவுக்கு உதவும், லைசென்ஸ் ஆகாது. வயரிங் வேலை செய்ய அந்தந்த மாநிலம் தரும் லைசென்ஸ் வேண்டும்; அது இல்லாமல் தொட்டால் சட்டப்படி குற்றம். புதிதாக வந்தவருக்கு முதலில் தற்காலிக லைசென்ஸ், லைசென்ஸ் உள்ள ஒருவரின் மேற்பார்வையில் வேலை, கூடவே ஆஸ்திரேலிய வயரிங் விதிகளுக்கான இடைவெளிப் பயிற்சி, அதெல்லாம் முடிந்த பிறகுதான் முழு லைசென்ஸ். ஆக, அவர் தேட வேண்டியது வெறும் வேலை இல்லை, மேற்பார்வை செய்யச் சம்மதிக்கும் முதலாளியை. இதை ஊரில் இருக்கும்போதே தெரிந்துகொண்டவர் விண்ணப்பக் கடிதத்தின் முதல் வரியிலேயே அதைச் சொல்லிவிடுவார். தெரியாதவர் மாதக்கணக்கில் பதில் வராத மின்னஞ்சல்களை எண்ணிக்கொண்டிருப்பார். ஃபிட்டருக்கும் வெல்டருக்கும் பெரும்பாலும் இந்தத் தலைவலி இல்லை. பட்டறையிலேயே ஒரு டெஸ்ட் வைப்பார்கள், கை பேசிவிடும்.

தாதியர் விஷயம் வேறு மாதிரி. விசாவுக்கான மதிப்பீட்டைப் பார்ப்பது ஆன்மாக் என்ற அமைப்பு, வேலை செய்வதற்கான பதிவைத் தருவது ஆப்ரா என்ற இன்னொரு அமைப்பு. ஒன்று கிடைத்தால் இன்னொன்று தானாக வராது. ஆனால் ஆப்ரா பதிவு நாடு முழுக்கச் செல்லும் என்பதால் மாநிலம் மாறுவது சுலபம். இதில் நம் பெண்கள் பலர் கவனிக்காத ஒரு வழி இருக்கிறது. 2025 ஏப்ரல் முதல், சிங்கப்பூர் உள்ளிட்ட சில நாடுகளில் பதிவு பெற்று, 2017க்குப் பிறகு குறைந்தது 1,800 மணி நேரம் வேலை செய்த தாதியருக்குத் தேர்வுகள் இல்லாத குறுக்குவழியைத் திறந்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் மலேசியா இல்லை, சிங்கப்பூர் இருக்கிறது. சிங்கப்பூர் மருத்துவமனையில் வேலை செய்துவிட்டு ஊருக்குத் திரும்பிய தங்கச்சிமார்கள் அந்தப் பணிச்சான்றை அலமாரியில் போட்டுவிட்டு, மலேசியத் தகுதியை மட்டும் காட்டி நீண்ட வழியில் போகிறார்கள். பார்க்கவே வருத்தமாக இருக்கிறது.

அடுத்தது ஊரைத் தேர்ந்தெடுப்பது. இங்கேதான் நம் ஆட்கள் மனசை முன்னால் விட்டுவிடுகிறார்கள். பெர்த் என்றால் எல்லோருக்கும் ஒரு பாசம். நேரம் மலேசியாவோடு ஒன்று, விமானப் பயணமும் குறைவு, யாராவது ஒரு சித்தி மகன் ஏற்கெனவே இருப்பான். தப்பில்லை, பெர்த்தில் வேலை இல்லாமலும் இல்லை. ஆனால் 491 திறந்துவிடும் வட்டாரம் ரொம்பப் பெரியது. சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேன் மூன்றையும் தவிர மற்றதெல்லாம் அதில் வரும். அடிலெய்டு, கான்பெர்ரா, கோல்ட் கோஸ்ட், நியூகாசில்கூட வட்டாரப் பகுதிதான். இவ்வளவு பெரிய வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு சித்தி மகன் வீட்டு முகவரியை மட்டும் பார்ப்பானேன்?

செம்பனை ஆலையில் வேலை செய்த பிள்ளைகளுக்காக இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ஆலை வேலையை நாமே கீழாக நினைக்கிறோம். ஆபிஸ் மாதிரி ஒன்றைக் காட்டினால்தான் வெளிநாட்டில் மதிப்பு என்று ஒரு எண்ணம். குயின்ஸ்லாந்து கடற்கரையில் மக்காய், பண்டபெர்க், இன்ஸ்ஃபெய்ல், இங்கம் பக்கம் கரும்பு ஆலைகள் இருக்கின்றன. அங்கே சக்கையை எரித்து நீராவி எடுத்து டர்பைன் ஓட்டுகிறார்கள். நம் ஆலையில் செம்பனை நாரையும் கொட்டை ஓட்டையும் எரித்து அதே வேலையைச் செய்கிறோம். கொதிகலன், கன்வேயர் செயின், கியர்பாக்ஸ், பம்ப், நிற்காமல் வந்துகொண்டே இருக்கும் மூலப்பொருள், நின்றால் மேனேஜர் போடும் சத்தம், எல்லாம் தெரிந்த சங்கதிதான். மக்காய்க்கு உள்ளே தள்ளி போவன் பேசின் நிலக்கரிச் சுரங்கங்கள் இருப்பதால், அந்த ஊரில் கனரக இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பட்டறைகளும் உண்டு. ஈப்போவில் கட்டட வேலை செய்தவர் பெர்த்துக்குப் போகட்டும். செம்பனை ஆலை ஃபிட்டர் பெர்த்தில் உட்கார்ந்துகொண்டு டெலிவரி ஓட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஒரு எச்சரிக்கை: மலேசியத் தொழில் பாதுகாப்புத் துறையான ஜே.கே.கே.பி. கொடுத்த ஸ்டீம் சான்றிதழை வைத்துக்கொண்டு அங்கே கொதிகலனை இயக்க முடியாது. அதற்கென்று ஹை ரிஸ்க் வொர்க் லைசென்ஸ் தனியாக எடுக்க வேண்டும். எடுத்துவிட்டால் எல்லா மாநிலத்திலும் செல்லும்.

எப்போது போவது என்பதையும் யாரும் யோசிப்பதில்லை. "தீபாவளி முடிச்சிட்டுப் போறேன்" என்பதுதான் வழக்கமான பதில். அம்மாவுக்கும் அதுதான் திருப்தி. கரும்பு அரைவை ஏறக்குறைய ஜூனில் தொடங்கி நவம்பர், டிசம்பர் வரை ஓடும். தீபாவளி முடிந்து போனால் அரைவைக்கு ஆள் எடுப்பதெல்லாம் எப்போதோ முடிந்திருக்கும். டிசம்பர் நடுவிலிருந்து கிறிஸ்துமஸ் விடுமுறை என்று பட்டறை, கட்டட வேலை, ஆபிஸ் எல்லாம் படுத்துவிடும். ஜனவரி கடைசி வரை மின்னஞ்சலுக்குக்கூடப் பதில் வராது. அந்த நேரத்தில் வாடகை மட்டும் நிற்காமல் ஓடும். அரசாங்க உதவித்தொகை கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வேலை தேடுவோருக்கான உதவித்தொகைக்குப் புதிதாக வந்த நிரந்தரவாசியே பொதுவாக 4 வருஷம் காத்திருக்க வேண்டும். பிப்ரவரி, மார்ச்சில் போய் இறங்குவது புத்திசாலித்தனம். ஃபிட்டருக்கு அதில் இன்னொரு லாபம் இருக்கிறது: அரைவை இல்லாத மாதங்களில்தான் ஆலையைப் பிரித்துப்போட்டுப் பழுதுபார்ப்பார்கள்.

சரி, ரெஸ்யூமேக்கு வருவோம். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளின் ரெஸ்யூமேக்கள் ஒரே அச்சில் வார்த்தவை. மேலே நீலப் பின்னணியில் டை கட்டிய படம். அதற்குக் கீழே ஐ.சி. எண், இனம், மதம், திருமண நிலை, சில சமயம் அப்பாவின் தொழில். பிறகு தொடக்கப்பள்ளித் தேர்வான யூ.பி.எஸ்.ஆரில் தொடங்கி இடைநிலைப்பள்ளித் தேர்வான எஸ்.பி.எம். வரை ஒவ்வொரு பாடத்துக்கும் கிரேடு. பாதிப் பக்கம் போன பிறகு ஒரே வரி: "மெய்ன்டனன்ஸ் வேலை, செம்பனை ஆலை, 2016–2023". ஆஸ்திரேலிய முதலாளி பார்க்க விரும்புவது அந்த ஒரு வரியைத்தான், அதில்தான் ஒன்றுமே இல்லை. மேலே உள்ளதையெல்லாம் அடித்துவிடுங்கள். படமும் மதமும் அங்கே யாருக்கும் வேண்டாம். அந்த ஒரு வரியைப் பத்து வரியாக்குங்கள். மணிக்கு 45 டன் குலை அரைக்கும் ஆலை, நீர்க்குழாய்க் கொதிகலன் இரண்டு, நீராவி டர்பைன் ஒன்று, வாராந்திர நிறுத்தத்தில் என்னென்ன கழற்றி மாற்றினேன், ராத்திரி ஷிப்டில் இயந்திரம் நின்றால் யாரையும் கூப்பிடாமல் நானே என்ன செய்தேன். இப்படி எழுதினால் மக்காயில் இருக்கும் ஃபோர்மன் படித்ததும் தன் ஆலையை அதில் பார்ப்பார்.

கடைசியில் இரண்டு பேரின் பெயரும் தொலைபேசி எண்ணும் போட வேண்டும். அங்கே உண்மையாகவே கூப்பிடுவார்கள். ஆலை மேனேஜர் கையெழுத்துப் போட்ட பொதுக்கடிதத்தை எவ்வளவு அழகாக லேமினேட் செய்து கொண்டுபோனாலும் அதற்கு ஈடாகாது. ஆனால் நம் ஊர் இன்ஜினியர் +61 என்று தொடங்கும் எண்ணைப் பார்த்தால் ஸ்கேம் என்று நினைத்துக் கட் பண்ணிவிடுவார். முன்கூட்டியே அவரைப் பார்த்து, "சார், ஆஸ்திரேலியாவிலேர்ந்து கூப்பிடுவாங்க, எடுங்க" என்று சொல்லி வைக்க வேண்டும். குயின்ஸ்லாந்து நம்மைவிட 2 மணி நேரம் முன்னால் இருக்கிறது. அவர்கள் காலை எட்டு மணிக்குக் கூப்பிட்டால் இங்கே மணி ஆறு.

சம்பள விஷயத்தில் ஏமாறுகிறவர்களில் பலர் நம் ஆட்களிடம்தான் ஏமாறுகிறார்கள். ஊர்க்காரர் ஒருவர் வேலை தருவார். "டாக்ஸ் எல்லாம் எதுக்குத் தம்பி, கையிலேயே வாங்கிக்கோ" என்பார், அல்லது "ஒரு ஏ.பி.என். எடுத்துக்கோ, நீயே முதலாளி" என்பார். ஏ.பி.என். சொந்தத் தொழில் நடத்துகிறவருக்கான எண். அவர் சொன்ன நேரத்துக்கு வந்து, அவர் கருவியால், அவர் சொன்ன வேலையைச் செய்கிறவர் தொழிலாளிதான். தொழிலாளிக்கு 2025 ஜூலை 1 முதல் தேசியக் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 24.95 டாலர், கேஷுவல் என்றால் அதற்கு மேல் 25 சதவீதம். முதலாளி தன் கையிலிருந்து கட்ட வேண்டிய சூப்பர் என்ற ஓய்வுக்கால நிதி 12 சதவீதம். ஏ.பி.என்.னில் இவ்வளவும் போய்விடும். கைக்காசு வாங்கினால் அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று காத்திருக்கிறது. 491லிருந்து நிரந்தர வசிப்புரிமைக்குப் போகும் 191 விசாவுக்கு 3 வருஷ வரி மதிப்பீட்டு நோட்டீஸ் காட்ட வேண்டும். கைக்காசுக்கு நோட்டீஸ் ஏது? மூன்று வருஷம் உழைத்துவிட்டு, உழைத்ததற்குச் சாட்சியே இல்லாமல் நிற்பார்கள். போய் இறங்கிய வாரமே வரி எண்ணுக்கு விண்ணப்பித்துவிடுங்கள், இலவசம்தான்.

ஒரு ஊரில் வேலை சரியாக அமையவில்லை என்றால் வேறு ஊருக்கு மாறலாமா? மாறலாம், வட்டாரப் பகுதிக்குள் இருக்கும்வரை. மெல்பர்னில் மச்சான் வீட்டில் தங்கிக்கொண்டு ஜீலாங்கில் வேலை செய்கிறேன் என்பதெல்லாம் நடக்காது. வசிப்பதும் வேலை செய்வதும் படிப்பதும் மூன்றுமே வட்டாரத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விசாவின் நிபந்தனை. வீடு, வேலை இடம், தொலைபேசி எண், பாஸ்போர்ட் எது மாறினாலும் 14 நாளுக்குள் ஆஸ்திரேலிய உள்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். விசாவுக்குப் பரிந்துரைத்து நாமினேட் செய்த மாநிலத்தை விட்டு வேறு மாநிலத்துக்குப் போவதாக இருந்தால், அந்த மாநிலத்துக்கு என்ன எழுதிக் கொடுத்தோம் என்று பார்த்து, அவர்களிடம் கேட்டுவிட்டுக் கிளம்புவதுதான் மரியாதை. எலெக்ட்ரீஷியன்கள் முழு லைசென்ஸ் கைக்கு வரும்வரை மாநிலம் மாறாமல் இருப்பது நல்லது. முழு லைசென்ஸை இன்னொரு மாநிலம் ஏற்றுக்கொள்வதற்குப் பரஸ்பர அங்கீகாரச் சட்டம் இருக்கிறது. பாதியில் நிற்கும் பயிற்சிக்கு அந்த வசதியை எதிர்பார்க்க வேண்டாம்.

சுற்றுலா அனுமதியில் பழத்தோட்ட வேலைக்குக் கூட்டிப்போகும் ஏஜென்டைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அங்கே போனதும் அகதி விண்ணப்பம் போட்டு "விசா எடுத்துத் தர்றேன்" என்பார். அதில் ஒரு கையெழுத்துப் போட்டால் பின்னால் முறையாகப் போகும் வழியும் சிக்கலாகிவிடும். ஏஜென்டைப் பிடிப்பதானால் ஆஸ்திரேலியாவில் பதிவு பெற்றவரா என்று அவருடைய பதிவு எண்ணான மார்ன் எண்ணை, குடியேற்ற ஏஜென்டுகளைப் பதிவு செய்யும் ஓமாரா அலுவலகத்தின் பட்டியலில் தேடிப் பாருங்கள்.

கிளம்பும் அவசரத்தில் இன்னொரு காரியமும் நடக்கிறது. செலவுக்காக மலேசிய ஊழியர் சேமநிதியான இ.பி.எஃப். பணத்தை எடுக்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். நாட்டை விட்டுப் போகிறவர் என்ற வகையில் மலேசியக் குடிமகன் பணத்தை எடுக்க வேண்டுமானால் குடியுரிமையைத் துறக்க வேண்டும். 491க்கும் 191க்கும் குடியுரிமையைத் துறக்கவே தேவையில்லை. ஆஸ்திரேலியக் குடிமகனாகிறபோதுதான் அந்தக் கேள்வி வரும், ஏனென்றால் மலேசியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. அதுவரை பணம் அங்கேயே இருக்கட்டும், வருஷா வருஷம் டிவிடென்ட் வந்துகொண்டுதான் இருக்கும். வாரிசுப் பெயர் எழுதியிருக்கிறதா என்று மட்டும் கிளம்புவதற்கு முன் ஈப்போ கிளைக்குப் போய்ப் பார்த்துவிடுங்கள்.